மலை வர்றாங்க

“டீச்சர், நீ வா. நனையாத.”

ஜீ.எஸ். மாத்தையா என்னிடம் பேசிய முதல் தமிழ் இதுதான். ஒரு சனிக்கிழமை காலை, மாத்தளை நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசல், சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்ட மழை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையிலிருந்த புத்தகங்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்த ஒருவர், வெள்ளைச் சட்டையும் பெரிய கறுப்புக் குடையுமாக எனக்கு எதிரே ஓடி வந்து, குடை முழுவதையும் என் தலைக்கு மேல் பிடித்தார். அவர் முதுகு தெப்பமாக நனைந்தது. நனைந்துகொண்டே, காது கேளாதவரிடம் பேசுவது போல உரத்த குரலில், வாய் நிறையச் சிரிப்போடு “நீ வா” என்றார். நான் அந்த வகுப்பின் ஆசிரியை. அவர் என் மாணவர். குடைக்கு நன்றி சொல்வதா, ‘நீ’க்குச் சண்டை பிடிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு மழையில் அது கொஞ்சம் பிந்திவிட்டது.

யுத்தம் முடிந்து, அரசாங்க உத்தியோகத்தர்கள் சிங்களம், தமிழ் இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கொஞ்சம் இறுகிய பிறகு வந்த வகுப்புகள் அவை. கிழமை நாட்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த நான், சனிக்கிழமைகளில் சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பித்தேன். பொலிஸ்காரர், தபால் கந்தோர்க்காரர், ஆஸ்பத்திரித் தாதி என்று மண்டபம் நிறைய ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் பரீட்சைக்காக வந்தவர்கள். வாய் திறக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். ஜீ.எஸ். மாத்தையா ஒருவர்தான் ஏற்கெனவே தமிழ் பேசிக்கொண்டு வந்தவர், அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. ஜீ.எஸ். என்றால் கிராம சேவகர். ஒரு பிரிவில் வதிவிடம், நிவாரணம், பிணக்கு எதுவென்றாலும் சனங்கள் முதலில் ஏற வேண்டிய படி அவருடையது. மாத்தையா என்பது சிங்கள ஐயா. எங்கள் பக்கத்தில் தமிழர்களும் உத்தியோகத்தரை அப்படித்தான் அழைப்போம்.

அவருடைய தமிழில் வா, போ, உக்காரு, சொல்லு, இறங்கு, எடு என்று ஒற்றைச் சொல் கட்டளைகள்தான் இருந்தன. ஐயா இல்லை, அம்மா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருந்த ஒற்றையறைக் காம்பராக்களில் ஒன்றில் பிறந்த எனக்கு அந்தத் தமிழ் நன்றாகத் தெரியும். துரைமார் எங்கள் ஆட்களோடு பேசிய தமிழ் அது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் கேட்ட தமிழும் அதுதான். நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு நாள் அப்பாவோடு பஸ்ஸில் வந்தேன். ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸை மறித்து ஏறிய ஒரு சிப்பாய்ப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், அப்பாவின் தோளைத் தொட்டு “ஏய், இறங்கு. ஐசி எடு” என்றான். அப்பா அப்போதே கோயில் தலைவர். தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைக்க ஆள் கிடையாது. அவர் இறங்கினார், அடையாள அட்டையை நீட்டினார், திரும்பி ஏறினார். இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான், “அடிச்சாக்கூட மறந்துருவேன்” என்றார்.

ஆகவே அந்த முதல் சனிக்கிழமையே, இந்த மனிதர் எங்கிருந்து தமிழ் படித்தார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பட்டாளத்தில் யாரோ உறவினர் இருக்க வேண்டும், அல்லது தோட்டத்துத் துரை யாரோடாவது சினேகிதமாக இருக்க வேண்டும். கேட்கக்கூட இல்லை.

இரண்டாவது கிழமைதான் அவர் எந்தப் பிரிவு என்று தெரிந்தது. எங்கள் தோட்டம் அவருடைய பிரிவுக்குள் வந்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, அடுத்த பெருமழைக்கு முன் சனங்கள் இறங்கிவிட வேண்டும், மழை பெய்யும்போது ஓடை வற்றினால் மலை சரியப் போகிறது என்று சொல்லிப் போனார்கள். கீழே சிங்களக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். சனங்களை இறக்க வேண்டிய பொறுப்பு ஜீ.எஸ். மாத்தையாவுடையது. என் அப்பா இறங்கினால் லயம் முழுவதும் இறங்கும். அப்பா இறங்கமாட்டேன் என்று நின்றார். நான் பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். அவரையும் அம்மாவையும் என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டு அலுத்துவிட்டது.

“ஏன்ப்பா, மலையப் பார்த்தா ஒங்களுக்குப் பயமா இல்லையா?”

“மலைக்கு என்ன பயம்? அந்த ஜீ.எஸ்.சுக்கு முன்னால போய் நிக்கிறதுக்குத்தான் மனசு வரல. ஒருக்கா போனேன். வா, உக்காரு, சொல்லுங்கிறான். எனக்கு என்ன வயசு, அவனுக்கு என்ன வயசு? அவன் எறங்குன்னா நான் எறங்கணுமா? முடியாது.”

இதில் வேடிக்கை என்னவென்றால் அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஜீ.எஸ். மாத்தையா தன் தாய்மொழியிலேயே பேசியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது. தமிழரோடு தமிழில் பேச வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் வந்த வினை இது. நல்லது செய்யப் போய் அவர் என் அப்பாவை அந்த மலைக்குக் கீழேயே கட்டிப் போட்டுவிட்டார்.

அடுத்த வகுப்பில் நான் சுற்றி வளைக்கவில்லை. கரும்பலகையில் ‘வா’ என்று எழுதி அதற்குப் பக்கத்தில் சிங்களத்தில் ‘வரெங்’ என்று எழுதினேன். மண்டபம் சிரித்தது. ‘வரெங்’ என்பது சிங்களத்தில் சண்டைக்காரனையும் கடைசிப் பிள்ளையையும் கூப்பிடும் சொல். மூத்தவரிடம் சொன்னால் அறைதான் கிடைக்கும். பிறகு ‘வாங்க’ என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ‘என்ன’ என்று எழுதினேன். சிங்களத்தில் மரியாதையாக வரச் சொல்வதற்கு அதுதான் சொல். எங்கள் காதுக்கு அது ஒரு கேள்வியாகக் கேட்கும் என்பது வேறு கதை. எழுதிவிட்டு, “மாத்தையா, நீங்க எங்க ஆளுங்களப் பார்த்து இத்தன நாளும் சொல்லிக்கிட்டு இருந்தது இது” என்று ‘வரெங்’ மேல் கையை வைத்தேன்.

சிரிப்பு நின்றது. ஜீ.எஸ். மாத்தையாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. “அனே, டீச்சர்” என்றார், ஐயோ என்பது போல. பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: “வயதானவர்களிடமும் சொல்லியிருக்கிறேனே. எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்குமா?” எல்லாருக்கும்தான் என்றேன். “ஒருத்தர்கூட ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்றார். அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது என்றேன். அதுதான் அவரை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். இடைவேளைத் தேநீரைக் குடிக்காமலே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

வந்தார். அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே காத்திருந்தார். “டீச்சர், வாங்க. நீங்க நல்லா இருக்கீங்களா? பஸ் லேட்டா வந்தாங்களா?” என்றார். பஸ்ஸுக்கு வேண்டாம் என்றேன். தலையாட்டினார். அன்று முழுவதும் அவர் வாயில் மழை பெய்தாங்க, கதவு சாத்திக்கிட்டாங்க, பள்ளிக்கூடத்து மதில் மேல் நின்ற பூனை பார்க்கிறாங்க. நான் ‘ங்க’ மனிதருக்கு மட்டும் என்று கரும்பலகையில் எழுதி இரண்டு தரம் கோடும் போட்டேன். பொலிஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜீ.எஸ். மாத்தையா எல்லாவற்றையும் கவனமாக எழுதிக்கொண்டு, கடைசியில் எழுந்து நின்று தன் வழக்கமான உரத்த குரலில் ஒரு விளக்கம் சொன்னார்.

“டீச்சர், எனக்கு அவசரத்துல யோசிக்க வராது. நாய்க்கு மரியாதை குடுத்தா யாருக்கும் மனசு நோகாதுங்க. மனுசனுக்குக் குடுக்காம விட்டா நோகும். அதனால நான் எல்லாருக்கும் குடுக்கிறேன்.”

இலக்கணப்படி அது பிழை. நான் மதிப்பெண்ணும் குறைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் நாட்டில் இத்தனை காலம் பிழைகள் எல்லாம் மற்றப் பக்கமாகத்தான் நடந்தன. யாருக்கு எவ்வளவு மரியாதை, யாருக்கு எந்த மொழியில் பதில், யார் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும், யார் உட்கார்ந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றையும் அளந்து அளந்து கொடுத்துக் கடைசியில் ஊரையே எரித்துவிட்டோம். இந்த மனிதர் அளப்பதை விட்டுவிட்டார். பிழை விடுவதானால் மரியாதையின் பக்கம் விடுகிறேன் என்கிறார். நாட்டைத் திரும்பக் கட்டுவது பற்றி மேடைகளில் நிறையப் பேச்சுக் கேட்டிருக்கிறேன், அதில் எதுவும் எனக்கு இந்த அளவுக்கு விளங்கியதில்லை.

புதுத் தமிழோடு அவர் லயத்துக்கு ஏறியதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் பின்னாலேயே போய்ச் சிரித்தார்களாம். அப்பாவுக்கும் செய்தி போயிருந்தது. “கோழிக்கெல்லாம் மரியாதை குடுக்கிறாராமே ஒன் மாணவர்” என்றார். ‘அவன்’ என்பது ‘அவர்’ ஆகிவிட்டதை நான் கவனித்தேன். ஆனால் இறங்குவதைப் பற்றிக் கேட்டபோது பழைய பாட்டுத்தான். “இப்ப ‘ங்க’ போட்டா, அன்னிக்குச் சொன்னது இல்லன்னு ஆயிருமா?” என்றார்.

பெருமழை வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நான் பஸ்ஸில் இரத்தோட்டை போய், ஓட்டோவில் பாதி வழியும் நடந்து மீதி வழியுமாக லயத்துக்கு ஏறினேன். போனில் சிக்னல் இல்லை. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பையில் துணிகளை மடித்து வைத்திருந்தா. அப்பா அடுப்படியில் உட்கார்ந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். நான் கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். “மழை விட்டா எறங்குவோம்” என்றார். மழை விட்டால் எதற்கு இறங்குவது என்று கேட்டால் கோபித்துக்கொண்டார். பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்கள் இடைக்கிடை வந்து எட்டிப் பார்த்தார்கள். தலைவர் எழும்பினால் நாங்களும் எழும்புவோம் என்பது போல நின்றுவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஓடி ஏறி வருகிறார்கள். “வா! வெளிய வா! எல்லாம் இறங்கு! இறங்கு, இறங்கு!”

குரல் யாருடையது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவசரத்தில் யோசிக்க வராது என்று அவரே சொல்லியிருந்தாரே. படித்ததெல்லாம் பறந்துபோய்ப் பழைய தமிழ் வெளியே வந்துவிட்டது. வரிசையாகக் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. எங்கள் லயத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும். கலவரத்து வருசத்தில் இப்படிக் கத்திக்கொண்டு ஏறி வந்தவர்களுக்குப் பயந்து தேயிலைக்குள் படுத்துக் கிடந்தவர்கள் இன்னும் அங்கே இருந்தார்கள். அப்பா எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

“அப்பா, அது ஜீ.எஸ். மாத்தையா!”

“தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்.”

நான் ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். மழையில் அவர் முற்றத்து நடுவில் நின்றார். குடையைக் காணோம். ஒரு காலில் செருப்பும் இல்லை. சாத்திய கதவுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. வகுப்பில் கத்துவது போலவே கத்தினேன்: “மாத்தையா! ‘ங்க’ போடுங்க! ‘ங்க’!”

அவர் என்னைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்தினார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார்.

“வாங்க! ஐயா, வாங்க! அம்மா, வாங்க! ஓடையில தண்ணி இல்லீங்க! மழை பெய்யிறாங்க, தண்ணி வரல்லீங்க! மலை வர்றாங்க! ஐயோ, மலை வர்றாங்க, வாங்க!”

அடுப்படியில் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. திரும்பினால் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, “மலை வர்றாங்களாம்! கேட்டியா? மலைக்கு மரியாதை குடுக்கிறான் மனுசன்!” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்த் தாழ்ப்பாளை எடுத்தார். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் நின்று, லயம் முழுவதும் கேட்க, “எல்லாரும் எறங்குங்க! மலை வர்றாங்களாம், வழி விடுங்க!” என்று குரல் கொடுத்தார். கதவுகள் திறந்தன. அம்மா பையோடு முதல் ஆளாக வெளியே நின்றா.

சேறும் சறுக்கலுமான அந்த ஒற்றையடிப் பாதையில், நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினோம். ஜீ.எஸ். மாத்தையா ஒரு கைக்குழந்தையைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தார். கீழே பள்ளிக்கூடத்துக்குள் வெள்ளம் வந்திருந்ததால் எங்களைக் கிராமத்துப் புத்த கோயிலான பன்சலைக்குக் கூட்டிப் போனார்கள். கிராமத்துப் பெண்கள் தேங்காய் ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டு வந்தார்கள். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. நீளமான, அடித் தொண்டையிலிருந்து வருவது போன்ற சத்தம். விடிந்த பிறகு பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. லயத்து ஆட்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. நான் அந்த மனிதருக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று பல தரம் யோசித்திருக்கிறேன்.

வீடு போனவர்களுக்குக் காணி எங்கே கொடுப்பது என்று பேச்சு வந்தபோது எல்லாம் அவ்வளவு அழகாக இருக்கவில்லை. கிராமத்தின் ஓரத்தில் அரசாங்கக் காணி இருந்தது. ரொட்டி கொண்டு வந்த அதே கிராமத்தில், தோட்டத்து ஆட்கள் நிரந்தரமாக வந்தால் ஊர் என்னாவது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஒரு கிழமைக்குப் பரிதாபப்படுவது எளிது, வேலிக்கு அடுத்த பக்கத்தில் காலம் முழுக்க வைத்துக்கொள்வது வேறு விஷயம். ஜீ.எஸ். மாத்தையா கூட்டம் வைத்தார். முதலில் தமிழில் பேசினார், அதாவது அவருடைய தமிழில். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, சிங்களக் கிராமத்தில் ஏன் தமிழ் முதலில் என்று கேட்டார். ஜீ.எஸ். மாத்தையா சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “சிங்களத்தில் முதலில் சொல்லி முடித்தால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள். அவர்கள் எப்படியும் இருப்பார்கள், இருந்தே பழகியவர்கள்.” கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் வீடு வீடாக அலைந்து, மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் ஏறி இறங்கி, அந்தக் காணியை அவர் வாங்கித் தந்தார். காணி உறுதிப் பத்திரம் எங்கள் ஆட்களின் பெயரிலேயே வந்தது. எத்தனையோ தலைமுறையாக மலையில் உழைத்த குடும்பத்தில் சொந்தப் பெயரில் ஒரு துண்டு மண் வைத்திருக்கும் முதல் ஆள் என் அப்பா. இன்னும் எத்தனையோ மலைகளில் எத்தனையோ லயங்கள் அப்படியே இருக்கின்றன, அதையும் நான் மறக்கவில்லை.

இந்த வருசம்தான் வீடு முடிந்தது. பால் காய்ச்சும் நாளுக்கு அப்பாவே போய் ஜீ.எஸ். மாத்தையாவுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கந்தோருக்கு அவர் இரண்டாவது தரம் போனது அன்றைக்குத்தான். மாத்தையா ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டைப் பணியாரமும் கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று பார்த்தபடி நின்றார். நான் ‘வாங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“வா தம்பி. உள்ள வா. உக்காரு. சாப்பிடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாள் முழுவதும் உத்தியோகத்தர்களைப் பார்த்து வாங்க மாத்தையா, சரிங்க மாத்தையா என்று நின்ற மனிதர் என் அப்பா. ஒரு தோட்டத்து ஆள் ஒரு ஜீ.எஸ்.ஸை ‘வா’ என்று கூப்பிட்டு எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதுவும் அந்தச் சொல்லின் எடை என்னவென்று நானே கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஆளிடம். ஜீ.எஸ். மாத்தையா அசையவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, கோபம்தான் என்று நான் பயந்துவிட்டேன். பிறகு அவர் உதடு துடித்தது. வந்து உட்கார்ந்தார். அம்மா இலையில் பொங்கல் வைத்தா. அவர் தொடவில்லை. சிங்களத்தில் பேச ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தானாம், பட்டாளத்தில். வடக்கில் முகாமுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் அம்மா இருந்தாவாம். தண்ணீர் கேட்டுப் போனவனை அந்த அம்மா கூப்பிட்டுச் சோறு போட்டாவாம், பிறகு போகும்போதெல்லாம் போட்டாவாம். லீவில் வீட்டுக்கு வரும்போது தம்பி சோற்று மேசைக்கு எல்லாரையும் அந்த அம்மா மாதிரியே கூப்பிடுவானாம். வா, உக்காரு, சாப்பிடு, சொல்லு. வீடே சிரிக்குமாம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் தம்பி வரவில்லை. பெட்டிதான் வந்தது. “நான் தமிழ் படித்தது அவனிடம்தான்” என்றார். “அன்பாகப் பேசுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன், டீச்சர் சொல்லும் வரைக்கும்.”

நான் அந்தக் கரும்பலகையை நினைத்துக்கொண்டு நின்றேன். ‘வரெங்’ மேல் கையை வைத்த அன்று, தேநீர்கூடக் குடிக்காமல் அவர் எதைத் தூக்கிக்கொண்டு போனார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். “அன்னிக்கு ஆபீசுல எனக்கு இதத்தான் சொன்னீங்களா?”

“ஓவ்,” ஆமாம் என்றார் சிங்களத்தில்.

“கதிரைகூட இழுத்துப் போட்டீங்க. நான் உக்காரல்ல.”

ஜீ.எஸ். மாத்தையா தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பா ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அம்மாவைப் பார்த்துத் தனக்கும் ஓர் இலை போடச் சொன்னார். பொங்கல் வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இப்ப உக்காந்துட்டேன். சொல்லு” என்றார். “‘ங்க’ வேணாம்.”

ஜீ.எஸ். மாத்தையா, வகுப்பில் பார்ப்பது போலவே, சரியா என்று என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“சாப்பிடு” என்றார்.

அப்பா சாப்பிட்டார்.